காலில்லாத பேய்க்கு என்ன அளவு?

மருமகள் மிதுர்ஷா போனில் ஏற்றித் தந்தது.
"ஜப்பான் பேய்க்கதை மாமா, சிரிப்பு வரும்."
எனக்கா?
கார்ட்டூன் பார்க்கிற வயதில்
எங்கள் வளவில் மின்சாரமே இல்லை,
மண்ணெண்ணெயும் பங்கீட்டுக்குத்தான்.
பேய்க்கதை இன்னும் மோசம்.
இந்தப் பக்கம் அதை யாரும் சிரித்துச் சொல்வதில்லை.

ஆனால் முத்தையன்கட்டில்
தை மாத இரவு நீளம்.
வலதுகரை வாய்க்காலுக்கு மேலே
பாலை மரத்தில் பரண்.
கதிர் முற்றிய வாசத்துக்கு
யானை எந்தப் பக்கத்தால் வரும் என்று
யானைக்கே தெரியாது.
காலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு
யானைவெடி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு
சரி, ஒன்று மட்டும் என்றேன்.

முகத்தில் பாதி கண்ணாய்ப் பிள்ளைகள்.
தலைமயிர் நீலம்.
ஆளுக்காள் கத்தினார்கள்.
நிறுத்தப் போனேன்.

அப்போதுதான் அது வந்தது.
இடுப்புக்குக் கீழே புகையாய்க் கரைந்த பேய்,
சப்பாத்துக் கடைக் கதவைத் தட்டி,
"வேலைக்கு ஆள் வேணுமெண்டு எழுதியிருக்கே?"

அங்கேயும் பேய்க்குக் கால் கிடையாதாம்.
எனக்கு அது புதினம்.

முதலாளி வெருளவில்லை. முன் அனுபவம் கேட்டார்.
"நானூறு வருசமாய் ஆக்களை வெருட்டினனான் ஐயா,
ஒருத்தரும் வெருளேல்லை."
கீழே ஓடின ஆங்கிலம் பாதிதான் பிடிபட்டது.
மிச்சத்தை அதன் புருவம் சொன்னது.

மூன்றாம் பகுதியில் முதற் சம்பளம்.
தனக்கொரு சோடி வாங்கப் பேய்க்கு ஆசை.
இல்லாத காலை நீட்டுகிறது.
முதலாளி அடிமட்டத்தோடு குந்தி
கண்ணாடியைத் துடைத்து
மறுபடி அளந்து
"கொஞ்சம் இறுக்கமாயிருக்கும்" என்கிறார்.

வெடித்துவிட்டேன்.

ரப்பர் பாதத்துக்குச் செருப்பு எதற்கென்று
கிளிநொச்சியில் ஒரு கடையில் நானும் கேட்டிருக்கிறேன்,
"வலது மட்டும் தருவியளோ, பாதி விலைக்கு?"
பெடியன் கீழே பார்த்தான்.
கண் கலங்கி,
"சும்மா கொண்டுபோங்கோ" என்றான்.
நல்ல பிள்ளை.
ஆனால் எனக்கு அன்று தேவைப்பட்டது
அடிமட்டம் வைத்திருக்கிற ஒரு ஆள்.

சிரித்த சிரிப்பில் பரண் ஆடியது.
ஒரு வெடி உருண்டு வாய்க்காலில் விழுந்தது.
அடுத்த பரணிலிருந்து துவாரகன்:
"என்ன அண்ணை, யானையோ?"
"இல்லையடா, பேய்!"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு வரப்பில் ஒரு ரோச் வெளிச்சம்
நடுங்கி நடுங்கி வந்தது.
"தள்ளியிருங்கோ. முதலிலிருந்து போடுங்கோ."

ஏழு பகுதி.
விடியப் பார்த்தால்
அவனுடைய மூலையில் அரைப் பரப்புக்குக் கதிர் இல்லை,
சேற்றில் வட்ட வட்டமாய்ச் சுவடு.
ஏச்சு விழும் என்று நின்றேன்.
அவன் சுவட்டருகே குந்தினான்,
சாண் பிடித்தான், மறுபடி பிடித்தான்,
என் வலது செருப்பைக் கழற்றி உள்ளே வைத்துப் பார்த்தான்.

"கொஞ்சம் தொளதொளப்பு, அண்ணை."