மூடி

வெள்ளிக்கிழமை மாலை, முஹர்ரக்.
மொட்டைமாடியை உரசிவிடும்போல் ஒரு விமானம் இறங்க
சமையல்மேடையில் எண்ணெய்க் கிண்ணம் நடுங்குகிறது.
உள்ளே ஆறு மைதா உருண்டைகள்
இரண்டு மணி நேரமாய் முங்கிக் கிடக்கின்றன.

கொத்துக்கறி சந்தையில் வாங்கியது.
ரெண்டு தடவை அரைக்கவா என்றார் கடைக்காரர்.
ஒன்று போதும் என்றேன், பல்லுக்கும் வேலை வேண்டாமா.
வெங்காயம் சிவந்ததும் கறி.
கறி விட்ட தண்ணீர் சுண்டச் சுண்ட
மிளகு, சீரகம், ஒரு துண்டு பட்டை,
கடைசியில் லூமி:
காய்ந்து கறுத்துக் கல்லாகிப்போன எலுமிச்சை,
கீழ்வீட்டு உம் யூசுஃப் பொட்டலம் கட்டித் தந்தது.
இடிக்கும்போது தும்மினேன்.
புளிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு வரும் அதில்.
அந்தக் கசப்புக்காகத்தான் போடுவதே.

முதப்பக் என்கிறார் உம் யூசுஃப்.
முர்தபா என்கிறான் நெய்னா, காயல்பட்டினத்துக்காரன்,
விமான நிலையச் சரக்குக்கூடத்தில் இரவுப் பணி,
இப்போது திரைக்கு அந்தப் பக்கம் குறட்டை.
எனக்கு அது கறி வைத்து மடித்த ரொட்டி.
இன்றுதான் முதல் தடவை.

உருண்டையை உள்ளங்கையால் தட்டி
விரல்நுனியால் இழுத்தேன்,
மேடையின் பளிங்குக் கோடு அடியில் தெரியும்வரை.
கிழிந்தது.
கிழிசலில் ஒரு துண்டை ஒட்டினேன்.
யார் பார்க்கப் போகிறார்கள்.

நடுவில் கறி, அடித்த முட்டை,
பொடிப்பொடியாய்க் குர்ராத் கீரை.
கடுதாசிபோல் நாலு பக்கமும் மடித்துத்
தவாவில் வைத்தால்
ஒட்டுப்போட்ட இடம் வாயைத் திறந்தது.
முட்டை ஒழுகி நெய்யில் பொரிந்து
கருகி
கரண்டியைத் தேடி நான் திரும்புவதற்குள்
சமையலறை தாண்டிக் கூடத்துக்குள் புகை.

இங்கே என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும்.
தலைக்குமேல் வெள்ளை வட்டமாய் ஒன்று இருக்குமே,
புகை பட்டால் கட்டடம் முழுக்கக் கத்த வைக்குமே,
அதைச் சோதிப்பவன் நான்.
டப்பாவில் அடைத்த பொய்ப்புகையைப் பீய்ச்சி,
கத்துகிறதா என்று கேட்டு,
தேதி போட்டுக் கையெழுத்திடுவேன்.

நெய்னா இருமிக்கொண்டே எழுந்து வந்தான்.
சட்டியைப் பார்த்தான். புகையைப் பார்த்தான்.
அண்ணாந்து பார்த்தான்.
"திரவியம், உன் பெட்டி ஏன் சும்மா இருக்கு?"

அடுப்பை அணைத்தேன்.
நாற்காலி போட்டு ஏறினேன்.
பச்சைப் புள்ளி ஒழுங்காய்த்தான் மினுங்கியது.
பக்கத்தில் ஒட்டுத்தாள்:
சோதித்தவர் அ. ஞானதிரவியம், பிப்ரவரி ஒன்பது.
கையெழுத்தின் வால் என்னுடையதேதான்.
அன்று பிற்பகல் நாலு மாடி பாக்கி இருந்தது,
நம்ம வீடுதானே என்று
கீழே நின்றபடியே எழுதியது.

எண்ணெய் விரலால் தடவினேன்.
கண்ணாடிபோல் மெல்லிய பிளாஸ்டிக் மூடி.
பொருத்திய நாளில் தூசு படாமல் இருக்கப் போட்டது,
யாரும் கழற்றவில்லை.
பெயர்த்தேன்.
இரண்டு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அது கத்தியது பார்,
முதல் மாடியிலிருந்து நாலாம் மாடிவரை
கதவுகள் திறக்க, குழந்தைகள் அழ,
யாரோ ஒற்றைச் செருப்போடு ஓட.

படிக்கட்டில் எல்லோரிடமும் சொன்னேன்,
ஒன்றுமில்லை, ரொட்டி கருகிவிட்டது.
அது பொய்யில்லை.

இரவு ஒன்பதுக்கு மேல்
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
வீடுவீடாய்ப் போனேன்.
நெய்னா வேலைக்குப் போகுமுன்
மீதி ஐந்தையும் கிழியாமல் சுட்டு
நாலைத் தட்டில் அடுக்கிக் கையில் தந்திருந்தான்.
சும்மா போய்க் கதவைத் தட்டாதே என்று.

இருபத்தாறு வீட்டில் ஒன்பது மூடி.
ஒன்பதும் சட்டைப்பையில் கிடந்து உரசுகின்றன.
திங்கட்கிழமை மேலாளரிடம் என்ன சொல்வது,
பிப்ரவரியில் ஏறாத மற்றக் கட்டடங்கள் எத்தனை,
எண்ணிக்கொண்டே இறங்கினால்
கீழ்வீட்டு வாசலில் உம் யூசுஃப்,
கையில் பாதி கடித்த துண்டு.

"லூமி சரி," என்றார்.
"உப்புதான் போதவில்லை."