ரோஸ்பாணின் வாய்

கருகிய மேலோட்டின் நிறம்.
அதனால் ரோஸ்பாண் என்று வைத்தோம்.
பாண்காரரின் ஓட்டோ மெட்டுக் கேட்டால்
தம்பிலுவில் சந்திவரை கூடவே ஓடி
பாட்டு நின்ற பிறகுதான் திரும்பும்.

ஞாயிறு அந்த மெட்டு வந்தது, போனது.
அது எழும்பவில்லை.
தண்ணிச் சட்டியில் மூக்கை வைத்தபடி
குடிக்காமல் நின்றது.

திங்கள், திருக்கோவில் மிருக வைத்தியர் கந்தோர்.
ஐயா மாட்டுக்குக் காது இலக்கம் அடிக்கப் போயிருந்தார்.
நாளைக்கும் வெளிவேலை.
மேசையில் இருந்தவர்
கோழிக்குஞ்சுப் பட்டியலிலிருந்து தலை தூக்காமல்
"விசர்நாய் ஊசி போட்ட துண்டு இருக்கா?" என்றார்.
இருந்தது. காட்டினேன்.
துண்டை நன்றாகப் பார்த்தார், இரண்டு பக்கமும்.
பிறகு நாயைப் பார்த்து,
"பாவம், வாயில்லாச் சீவன்."

செவ்வாய் லீவு.
தபால் கந்தோர்ப் படிவத்தில் காரணம் கேட்ட இடத்தில்
வீட்டில் சுகமில்லை என்று எழுதினேன்.
பொய் இல்லை.
றிபாய்தீன் காக்கா பின்சீட்டில் உரப்பை இரண்டை விரித்தார்.
"பெய்த்து வந்து நான் கழுவிக்கிறன், நீங்க ஏறுங்க."
அக்கரைப்பற்று தாண்டியதும் ஒவ்வொரு குழிக்கும்
முட்டை ஏற்றிப் போகிறவர்போல் வேகம் குறைத்தார்.

அம்பாறையில் கண்ணாடிக் கதவு, ஏசி,
சுவரில் குளித்து முடித்த வெள்ளைப் பூனையின் படம்.
டொக்டருக்குத் தமிழ் இல்லை.
எனக்குச் சிங்களம்
முத்திரை விற்கும் அளவுக்கு.
துண்டு எழுதும் பிள்ளை நடுவில் நின்றாள்.
நான் சொன்னேன்:
தொண்டைக்குள்ள என்னவோ அடைச்சதுபோல
கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பாக்குது,
எச்சில் நூலா வடியுது,
ராவில முன்னங்காலால கன்னத்தை விறாண்டுது,
அழுறதுக்குக்கூட வாயைத் திறக்குதில்ல.
அவள் சொன்னாள்:
"கன்னே நே."
தின்னுதில்லையாம்.
என் மூன்று நாளும்
இரண்டு சொல்லாகி மேசையைக் கடந்தன.

அந்தப் பக்கத்திலிருந்தே அவர் தலையாட்டினார்.
உண்ணிக் காய்ச்சல்.
பின்தொடையில் ஓர் ஊசி.
மஞ்சள் குளிசை பத்து நாளைக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு.
எந்தச் சாப்பாட்டுக்கு என்று கேட்க
என்னிடம் மொழி இல்லை.
ஆறாயிரத்து நானூறு ரூபாய்.
அட்டையில் பெட்டையைக் கடுவன் என்று பதிந்திருந்தார்கள்.

புதன், குளிசையைப் பொடியாக்கிப் பாலில் கரைத்துக்
கடைவாயால் ஊற்றினேன்.
இருமியது. பால் சிவப்பாய்த் திரும்பி வந்தது.

பக்கத்து வளவில் வலை பொத்திக்கொண்டிருந்த பூபாலபிள்ளை
சத்தம் கேட்டு எழும்பி வந்தார்.
ஒன்றும் விசாரிக்கவில்லை.
கம்பொன்றைப் பல்லுக்குக் குறுக்கே கொடுத்து
போன் வெளிச்சத்தை உள்ளே பிடிக்கச் சொன்னார்.
நாக்குக்கு அப்பால், தொண்டைத் திருப்பத்தில்
பாரைக்குப் போடும் தூண்டில் முள்,
அரை முழம் தங்கூசியோடு.

குறடு.
ஒரு நறுக். ஓர் அலறல்.
பிறகு தண்ணி குடிக்கும் சத்தம்
சட்டி காலியாகும்வரை.

இரண்டு கந்தோரையும் ஏச வாயெடுத்தேன்.
"நாலு நாளா நீ திறந்து பாக்கல்லியா புள்ள?"
கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல்
வலைக்குப் போய்விட்டார்.

கடித்துவிடும் என்று பயந்திருந்தேன்.
ஏழு வருசம்
என் கையிலேயே தின்ற வாய்.

இப்போது தின்கிறது. குரைப்புத்தான் கரகரக்கிறது.
பாண் ஓட்டோவுக்குக் கேற்றடி மட்டும் ஓடுகிறது.
அட்டையில் பதினெட்டாம் தேதி,
கடுவனுக்கு அடுத்த ஊசி.
போகத்தான் வேண்டும்.
எனக்குத் தெரிந்து வேறு கதவு இல்லை.

தொண்டைக்குச் சிங்களத்தில் என்ன என்று
றிபாய்தீன் காக்காவிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.
உகுர.
முத்திரைக்குப் பசை தடவும்போதெல்லாம்
சொல்லிப் பார்க்கிறேன், உகுர, உகுர.
வரிசையில் நிற்கும் பென்சன்காரர் குனிந்து கேட்கிறார்:
"என்ன மிஸ், தொண்டை நோவா?"