புட்லூரில் யாரோ

பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள்.
பள்ளியில் எந்தக் கணக்குக்கும் எனக்கு விழாத மதிப்பெண்.
இது ஓட்டைக்கு.

சனிக்கிழமை இரவு பதினொன்றே கால்.
அம்பத்தூர் எஸ்டேட்டில் மழைத் தண்ணீர் முட்டிவரை.
உள்ளே பதினெட்டு டிகிரி, துளி ஈரம் கிடையாது.
நனைந்த சுடிதார் காய்வதற்குள்
நெற்றிப்பொட்டு வலிக்கத் தொடங்கிவிடும்.

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த சலேத்ராஜ்
சர்வர்களுக்கு ரயில் நிலையங்களின் பெயர் வைத்துப் போனான்.
ஆவடி லைனில் தினம் தொங்கிக்கொண்டு வந்தவன்.
ஆகவே பேசின் பிரிட்ஜிலிருந்து தொடங்கினேன்.
நிறுத்து, புதுசைப் போடு, எழுப்பு.
வியாசர்பாடி எழுந்தது.
பெரம்பூர் எழுந்தது.
வில்லிவாக்கத்துக்கு நாலு நிமிடம் பேச்சு மூச்சில்லை.
அதில்தான் புரசைவாக்கத்து ஸ்கேன் சென்டர் ஓடுகிறது,
காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு
வந்து உட்காரப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.
எழுந்தது.
கொரட்டூர். பட்டரவாக்கம்.

ஓட்டை ஒன்பது வருஷப் பழசு.
ஆயிரத்துச் சொச்சமாவது வரியில்
நீளத்தை அளந்து பார்க்காமல் விட்ட ஒரே ஓர் இடம்.
எழுதியவன் சம்பளம் வாங்காமல் எழுதினான்,
எந்த ஊரோ, எந்தப் பின்னிரவோ.
குழந்தை அழுதிருக்கும், எழுந்து போயிருப்பான்.
அதன் மேல்தான் மின்கட்டணம், பால் கார்டு,
கல்யாண மண்டப முன்பதிவு, தண்ணீர் லாரிக்கான வரிசை எண்.
ஒன்பது வருஷம் இந்த ஊர் அதன்மேல் நடந்தும்
ஒருவர் காலும் உள்ளே போகவில்லை.
அதைத்தான் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மேனேஜர் வரதகோபால் போனில்:
"எதுவும் டவுன் ஆகக் கூடாது, விடியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கணும்."
குளிக்கணும், தலை நனையக் கூடாது.
சரி சார் என்றேன்.

திருவள்ளூர் எழுந்தபோது மணி மூன்று.
பட்டியல் முடிந்தது, பத்தொன்பது.
ஆனால் அந்த லைனில் தினமும் போகிறவள் நானும்தான்.
செவ்வாப்பேட்டை ரோட்டுக்கும் திருவள்ளூருக்கும் நடுவே
ஒரு நிலையம் குறைகிறது.

பட்டியலில் இல்லை. பில்லில் இல்லை.
கடைசி ரேக்கின் அடித்தட்டில்
மடித்துச் செருகிய அட்டைப்பெட்டிக்குப் பின்னால்
பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது புட்லூர்.
எதற்காக வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.
எல்லாவற்றோடும் பேசிக்கொண்டிருந்தது.

கத்தாரில் இன்னும் தூங்கியிருக்கமாட்டான் என்று
சலேத்ராஜுக்கு அடித்தேன்.
"அதுவா, இன்னுமா உயிரோட இருக்கு?"
கடவுச்சொல்லாக ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னான்.
அவன் மனைவி பெயர் எனக்குத் தெரியும், இது இல்லை.
மேற்கொண்டு கேட்கவில்லை.

உள்ளே போய் ஓட்டையைத் தேடினால்
அடைத்திருக்கிறது.
நான் அடைப்பதைவிட நேர்த்தியாக.
பதினொரு நாளுக்கு முன், அதிகாலை மூன்று பன்னிரண்டுக்கு.
மருந்தே நேற்று மாலைதான் வந்தது.

அரை நிமிடம் சந்தோஷப்பட்டிருப்பேன்.
வந்தவன்
தனக்குப் பின்னால் வேறொருத்தன் வரக் கூடாதென்று
கதவைப் பழுதுபார்த்துத் தாழிட்டிருக்கிறான்,
உள்பக்கமாக.

பதினொரு நாளில் எதையும் உடைக்கவில்லை.
இந்தக் கட்டிடத்தில்
இவ்வளவு அக்கறையாக வேலை பார்த்தவர் வேறு யாருமில்லை.

கேட்டால் வரதகோபால் அப்ரூவல் என்பார்.
ரேக்குக்குப் பின்னால் குப்புறப் படுத்து
நீல வயரைப் பிடித்தேன்.
கிளிப் உடைந்து உள்ளே சிக்கியிருந்தது,
நகம் பெயர்ந்துதான் வந்தது.

பச்சை அணைந்தது.
மற்ற பத்தொன்பதும் சிமிட்டிக்கொண்டிருந்தன.
எதனிடம் என்ன சொல்லி வைத்ததோ புட்லூர்.

வெளியே நாலரை மணி ரயில்
தண்ணீரில் மெதுவாக ஊர்ந்து போகும் சத்தம்.
விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு
பேசின் பிரிட்ஜிலிருந்து மறுபடி தொடங்கினேன்.