தூரம் சுழியம்

பீடோர் அரசாங்க கிளினிக்கின் பின்னறை.
நூற்றெண்பத்தாறு பாரங்கள் என் மேசையில்.
ஒவ்வொன்றிலும் பதினான்கு கட்டங்கள்:
மூச்சிரைப்பு, கால்வீக்கம், படபடப்பு, அசதி
என்று போகும்.
இருந்தால் ஒன்று. இல்லாவிட்டால் சுழியம்.

காத்துக்குக் கட்டம் இல்லை.
பாதிப் பேர் காத்து என்றுதான் சொன்னார்கள்.
நெஞ்சில் காத்து, விலாவில் காத்து,
லோரியில் செம்பனைக் குலை ஏற்றிய நாளில்
முதுகுக்குள் புகுந்து இன்னும் இறங்காத காத்து.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.
கணினி ஓரங்களைப் படிப்பதில்லை.

எத்தனை கட்டங்களில் பதில் மாறுகிறதோ
அத்தனை தூரம் இருவருக்கிடையே.
எண்பத்தொன்றுக்கும் நூற்று நான்குக்கும்
சுழியம்.
பெயர் தெரியக்கூடாது என்பது விதி.
பாரத்தை நிரப்பியவளே நான்தான், என்ன செய்ய.

எண்பத்தொன்று பூங்காவனம்.
நூற்று நான்கு அவர் நாத்தனார் தவமணி.
தோட்டம் துண்டாடப்பட்டபோது வந்த நட்டஈட்டில்
பேச்சு நின்று பத்தொன்பது வருஷம்.
செவ்வாய்க்கிழமைகளில்
ஒருவர் மருந்துச் சன்னலருகே,
மற்றவர் கழிவறைப் பக்கம்,
நடுவில் பதினோரு நாற்காலி.
ஒரே புளோக்கில் மூன்றாம் மாடி, ஐந்தாம் மாடி.
இருவருக்கும் மூன்று தலையணை.
இருவருக்கும் இரவு இரண்டு மணிக்கு
மூச்சு முட்டி விழிப்பு.
சன்னலைத் திறப்பார்களாம்.

பிறகு திரையில் மரம் வருகிறது,
தலைகீழாய்.
நுனிகளில் நோயாளிகள் தொங்க
இரண்டிரண்டாய்ச் சேர்ந்து
மேலே ஒற்றைக் கோடாகும் மரம்.
எந்த உயரத்தில் வெட்டலாம் என்கிறார்
கோலாலம்பூரிலிருந்து பேராசிரியர்.
தாழ வெட்டினால் ஒன்பது கூட்டம்.
உயர வெட்டினால் மூன்று.
மூன்று என்றால் அட்டவணை ஒரு பக்கத்தில் அடங்கும்.

அம்மாவுக்கு மரம் வெட்டுவதென்றால்
பட்டையை மட்டும் சீவுவது.
கத்தி உள்ளே இறங்கிக் காயம் பட்டால்
தண்டல் பேர் எழுதிக்கொள்வார்.

மூன்றாக வெட்டினேன்.
எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்ற சன்னாசி
‘அறிகுறி குறைந்தோர்’ கூட்டத்தில் விழுந்தார்.
போன வியாழன் அவரை எடுத்துவிட்டார்கள்.
பதினான்கு சுழியங்களை
அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
நானும் அழிக்கவில்லை.

இன்று செவ்வாய்.
எண்பத்தொன்று வந்தாயிற்று,
நூற்று நான்கு வந்தாயிற்று.
இரண்டு நாற்காலி கால் உடைந்து
வெளியே மழையில் கிடக்கிறது.
தூரம் ஒன்பது.