மூச்சைப் பிடியுங்கோ

வாடகைக்கு அறை, பெண்களுக்கு மட்டும்
என்று ஒட்டியிருந்த தாளை
பஸ் நிலைய மதிலோடு நின்று
ஒரு மான் தின்றுகொண்டிருந்தது.
விரட்டிப் பிடுங்கினேன்.
தொலைபேசி இலக்கத்தின் கடைசி எண்
அதன் வயிற்றுக்குப் போயிருந்தது.

பூச்சியத்திலிருந்து தொடங்கினேன்.
மூன்றில் ஒரு டயர் கடை.
ஐந்தில் யாரோ தூக்கம் கலைந்து சிங்களத்தில் ஏசினார்.
ஏழில் பவளக்கொடி அன்ரி:
"சமைக்கலாம், மீன் பொரிக்கேலாது.
எட்டு மணிக்குக் கேற் பூட்டுவம்.
ஆறு மாத அட்வான்ஸ்."

உவர்மலையில் ஒரு யன்னல்.
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
கிழிந்த ரசீது அளவில் கடல்.
அட்டனிலிருந்து கொண்டுவந்த கம்பளியை
மடித்துத் தலையணை ஆக்கினேன்.
கச்சான் வீசிய மாதம்.
மின்விசிறி, வெந்நீரைக் கரண்டியால் கலக்குவதுபோல்
காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு ஏசி உண்டு,
மிஷினுக்காக.
பக்கத்தில் நிற்பதால் எனக்கும் கொஞ்சம்.

தெருக்களைத் தெரியுமுன்
இந்த ஊரின் எலும்புகளைத் தெரிந்துகொண்டேன்.
சீனக்குடாவில் மா மூட்டை தூக்குபவரின் இடுப்பு.
கிண்ணியாப் பாலத்தில் சறுக்கிய மோட்டார்சைக்கிளின் மணிக்கட்டு.
மூதூரிலிருந்து வந்த உம்மாவின் தொண்டையில்
குறுக்கே நின்ற விளைமீன் முள்.
ஐந்து ரூபாய்க் குற்றியை விழுங்கிய பொடியன்
படத்தைக் காட்டியதும் அழுகையை நிறுத்தினான்,
காசு பத்திரமாக இருக்கிறதென்று.

பாலையூற்றுக்காரர் ஒருவர் இருமலுக்கு வந்தார்.
இடது தோளுக்குக் கீழே
அரிசி சிந்தினாற்போல் வெள்ளையாய் ஒன்பது புள்ளிகள்.
நான் வாயெடுப்பதற்குள்,
"அது பழசு பிள்ளை,
இருமலைப் பாருங்கோ" என்றார்.
இருமலைப் பார்த்தேன்.

முதல் கிழமை,
"மூச்ச இழுத்துப் புடிங்க" என்பேன்.
"பிள்ளைக்கு எந்த ஊர்?" என்று கேட்டு
பிடித்த மூச்சை விட்டுவிடுவார்கள்.
படம் கலங்கும். மறுபடி இன்னொரு படம்.
சிஃபானாதான் சொன்னாள்:
"பிடியுங்கோ எண்டு சொல்லிப் பாரு, கேள்வி வராது."
வரவில்லை.
சிங்களத்தில் சொல்ல வேண்டியதையும்
தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டித் தந்தாள்.

ஒரு சொல்லுக்கு
ஊரே எனக்காக மூச்சைப் பிடித்து நிற்கும்,
காலை எட்டிலிருந்து நாலு வரை.
நாலரைக்குச் சந்தையில்
கத்தரிக்காயில் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னால்
ஒருவருக்கும் காது கேட்காது.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் நீளம்.
டச்சு பே மணலில்
எல்லாரும் யாரோடாவது வந்திருப்பார்கள்.
ஒருநாள் பந்து வீசிய பையனைப் பார்த்து எழுந்தே விட்டேன்.
முகம் ஞாபகமில்லை. அந்த முழங்கையைத் தெரியும்,
பங்குனியில் இரண்டாய் இருந்தது.
ஸ்டம்ப் பறந்தது. கை தட்டினேன்.
யாரிந்த அக்கா என்று திரும்பிப் பார்த்தான்.

மூன்றாம் வருடம்,
நியமனத்தை உறுதிசெய்ய மருத்துவச் சோதனை.
தட்டில் நெஞ்சை அழுத்தி நின்றேன்.
இவ்வளவு குளிரும் என்று
இத்தனை பேரில் ஒருவரும் சொன்னதில்லையே.
ஈயக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிஃபானா,
என் குரலிலேயே:
"மூச்சை இழுத்து... பிடியுங்கோ."
சிரித்துவிட்டேன். படம் கலங்கியது.
"அரசாங்கக் காசு, பிள்ளை" என்றாள்.
இரண்டாம் முறை பிடித்தேன்.

விலா எலும்புகள், இருபத்துநான்கும் இருந்தன.
வேறொன்றும் இல்லை.
முகவரிக் கட்டத்தில் என்னைக் கேட்காமலே
உவர்மலை என்று அடித்திருந்தாள்.
நான் திருத்தவில்லை.

கேற் பூட்ட இன்னும் நாற்பது நிமிடம்.
உட்துறைமுக வீதித் தள்ளுவண்டியில்
பொரித்த மீன் ஒரு துண்டு வாங்கி
நின்றபடியே தின்றேன்,
முள் பார்த்து.