நாற்பத்தொரு மில்லிசெகண்ட்

காரைக்குடி, செக்காலை ரோடு,
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
எங்கள் கேமில் ஒரு மஞ்சுவிரட்டுத் திடல்,
ஒரே காளை,
வேடிக்கை பார்க்க நூற்று நாற்பது பேர்.
தொழு திறந்ததும் காளை பாய வேண்டும்.
விக்கி விக்கி வந்தது.
நொடிக்கு இருபத்து நான்கு ஃபிரேம்.
வேண்டியது அறுபது.

தேனம்மையிடம் சொன்னேன்:
நிழலைக் குறை,
பந்தலுக்கு இத்தனை முக்கோணம் எதற்கு?
அவள் பதில் பேசவில்லை.
மூன்று ராத்திரி உட்கார்ந்து
கோபுரத்தின் வண்ணப்படத்தைக் கால்வாசியாக்கினாள்.
பந்தல் துணியின் மடிப்புகளை
இஸ்திரி போட்டாற்போல் தட்டையாக்கினாள்.
இருபத்து நான்கு
இருபத்து நான்காகவே நின்றது.

அதுவரை நான் புரொஃபைலரைத் திறக்கவில்லை.
கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற திமிர்.

என் கணினியில் ஓட்டினால் எல்லாம் சுத்தம்.
விருந்தாளி முன்னால் பிள்ளை காட்டும் ஒழுக்கம் அது.
கீழ்க்கடை சாத்தப்பனின் மூன்று வருஷப் போனை வாங்கிக்
கேபிளில் கட்டினோம்.
சித்திரை மாதம், மணி மூன்று.
போன் கொதித்தது.
கொதித்தால் அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்,
அளவு பொய்யாகிவிடும்.
ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் கவிழ்த்து
ஆறவைத்து, பிறகு அளந்தோம்.

ஒரு ஃபிரேமுக்கு நாற்பத்தொரு மில்லிசெகண்ட்.
இருக்கவேண்டியது பதினாறு சொச்சம்.

மேலே என் கோடின் வரிசை.
கீழே படம் தீட்டும் வரிசை, அவளுடையது.
அதில் இந்த முனையிலிருந்து
கிட்டத்தட்ட அந்த முனைவரை
ஒரே பட்டை.
பார், என்று விரலை வைத்தே காட்டினேன்.
திரையில் ரேகை விழுந்தது.

அவள் மவுஸை அதன்மேல் நகர்த்தி
எழுந்த சொல்லை வாசித்தாள்: "வெயிட்."
"அதான் சொல்றேன், வெயிட் ஜாஸ்தி."
"அந்த வெயிட் இல்ல.
காத்திருக்கிற வெயிட்."

அவள் வரிசை வேலை செய்தது ஒன்பது மில்லிசெகண்ட்.
மிச்சம் முப்பத்திரண்டும்
என் வரிசை முடியட்டும் என்று
கைகட்டி நின்றது.
காத்திருப்பதும் அங்கே
உழைப்பைப் போலவே நீளமாய்த் தெரிகிறது.

என் வரிசையை விரித்தேன்.
பட்டைக்குக் கீழே பட்டை,
அதற்கும் கீழே பட்டை,
இறங்கி இறங்கிப் போய்
ஒரே ஒரு வரி.
தை மாதம், டெமோவுக்கு முந்தின இரவு,
பிறகு பார்த்துக்கலாம் என்ற குறிப்போடு
நானே எழுதியது.

நூற்று நாற்பது பேரும்
ஒவ்வொரு ஃபிரேமிலும்
மூங்கில், கொடி, செருப்பு, தண்ணீர்க்குடம் என்று
திடலில் கிடக்கும் எல்லாவற்றையும் தட்டித் தட்டி
நீதான் காளையா, நீதான் காளையா
என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
காளை கண்ணெதிரே ஓடுகிறது.
கண்டுபிடிப்பார்கள்.
உடனே மறந்துவிட்டு
மறுபடி மூங்கிலிலிருந்து தொடங்குவார்கள்.

ஒருதரம் கேள், நினைவில் வை.
மாற்றியது அவ்வளவுதான்.
முப்பது மில்லிசெகண்ட் போன இடம் தெரியவில்லை.

இன்னும் இரண்டு நொடிக்கொருதரம்
வரைபடத்தில் ஒரு முள் நிமிர்கிறது.
புள்ளிக்கணக்கு எழுதி எழுதிக் கொட்டிய குப்பையை
அள்ள வருகிற வண்டி.
அது நாளைக்கு.

போனைக் கேட்டு மாடியேறிய சாத்தப்பன்
நின்றவாக்கில் இரண்டு ஆட்டம் ஆடி
காளையிடம் குத்துப்பட்டு
இன்னொன்று என்றார்.

"பழைய பந்தல் ஃபைல் இருக்கா?"
"இருக்கு. அழிக்கல."

அடுத்து நான் சொல்லவேண்டிய வார்த்தையை
மூங்கிலிலும் கொடியிலும்
தேடிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் அவள் மடிப்புகளை
ஒவ்வொன்றாய்த் திரும்ப ஏற்றத் தொடங்கியிருந்தாள்.
பத்து.
பதினொன்று.
பன்னிரண்டு மில்லிசெகண்ட்.
இன்னும் இடம் இருந்தது.