ஓட்டிப் பார்க்காமல்

கடலுக்குப் போவதாகத்தான் இருந்தது.
தனுஷ்கோடி மணலில் யாரோ ஒருத்தி
குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படம்
நான்கு மாதமாக என் போனில் கிடந்தது.
சனிக்கிழமை பொழுதோட கம்பெனியில் சொன்னார்கள்:
திங்கட்கிழமை கன்டெய்னர் ஏறியாக வேண்டும்,
ஞாயிறு ஒருநாள்தான் லீவு.
நாங்கள் மடித்துவைக்கும் பனியனெல்லாம்
கடல் பார்த்துவிடுகிறது.

சென்னியப்பன் ஒன்றும் சொல்லவில்லை.
விடிவதற்குள் ஆம்னியைக் கழுவி நிறுத்திவிட்டு
"காவேரி இருக்குதல்லொ" என்றான்,
சொந்தக்காரர் வீட்டு விலாசம் சொல்வதுபோல.

பவானி தாண்டியதும் வலது பக்கம்
ஆறு கூடவே வந்தது.
ஆடி வெள்ளம், பால் குறைந்த டீயின் நிறம்.
வாழைத்தோட்டம் மறைக்கும், விடும்,
மஞ்சக்காடு மறைக்கும்.
நெருஞ்சிப்பேட்டையில் ஓரங்கட்டினோம்.
தடுப்பணைக்குப் பின்னால் தண்ணீர் அகன்று நிற்க
அக்கரையில் பூலாம்பட்டி
தீப்பெட்டி தீப்பெட்டியாய்.
"அலையே இல்லை" என்றேன்.
கல்லெடுத்து வீசினான்.
"இந்தா."

அந்தியூரில் சந்தை முடிந்த மறுநாள்.
கொட்டகை பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
விற்காமல் நின்றவை ஏழோ எட்டோ.
அதில் ஒன்று கத்தியவார், சாம்பல் நிறம்,
காது நுனிகள் ஒன்றையொன்று தொட்டபடி
எதையோ ஒட்டுக்கேட்பதுபோல் நின்றது.

"சவாரிக்கு இல்லைம்மா, விக்கறதுக்கு" என்றார் பாய்.

சென்னியப்பன் தொண்டையைச் செருமினான்.
"ஓட்டிப் பாக்காம எப்படிங்க வாங்கறது?"

நூற்றைம்பது ரூபாய்ச் செருப்புக்கு
மூன்று கடை ஏறி இறங்குகிற மனுசன்
இரண்டேகால் லட்சத்தை
ஒன்று எண்பதுக்குக் கேட்கிறான்.
சுழி விசாரிக்கிறான். தீவனக் கணக்கு போடுகிறான்.
எங்கள் பையில் பெட்ரோல் போக
ஆயிரத்து நானூறு.
துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன்.

தண்ணீர் டிரம்மேல் கால்வைத்து ஏறினேன்.
அது நடக்கத் தொடங்கியதும்
இடுப்புக்குக் கீழே எனக்கு
இன்னொரு முதுகெலும்பு முளைத்தது, சூடாக.
கரும்புச்சாறு மெஷின் தாண்டி
ராட்டினம் கழற்றிய குழிகள் தாண்டி
வரப்பு ஓரம் வரைக்கும்.
கடலைப் பார்க்கக் கிளம்பியவள்
கடலைக்காட்டைப் பார்த்தேன்.
மஞ்சள் பூ. மேலிருந்து பார்த்தால் அதற்கும்
ஒரு முடிவு தெரியவில்லை.

பாய் நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார்.
ஓடியது.
நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.
பக்கத்தில் சென்னியப்பன் ஓடிவந்தான்,
ஒரு காலில் செருப்பு,
என்னைப் பிடிக்கவா குதிரையைப் பிடிக்கவா என்று
தெரியாத இரண்டு கைகள்.

இறங்கியதும் சொன்னான்:
"ஊட்ல கலந்துட்டுச் சொல்றமுங்க."

போர்வையை உதறி மடித்தபடி
நிமிராமலே சொன்னார் பாய்:
"வாங்க வர்றவன் மொதல்ல
பல்லைப் பாப்பான் தம்பி.
நீ அந்தப் பொண்ணு மூஞ்சியத்தான் பாத்தே."

நாங்கள் இருவரும் மண்ணைப் பார்த்தோம்.

"இன்னொரு சுத்து கூட்டிட்டுப் போ.
நாளைக்கு லாரில ஏத்தணும்.
கால் அசைஞ்சா அதுக்கும் நல்லதுதான்."

இந்தமுறை கயிறு அவன் கையில்.
யாரும் ஓடவில்லை.

ராத்திரி பெருந்துறை.
பேர் அப்படி, ஒரு படகு கிடையாது.
சிக்னல் சிவப்பில் உள்ளங்கையைப் பார்த்தேன்.
குதிரையின் வியர்வை காய்ந்து
வெள்ளையாய் ஒரு கோடு.
நக்கினேன். உப்பு.
சொல்லாமல் அவன் வாயருகே நீட்டினேன்.

"ச்சீ" என்றான்.
பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.
கியர் மாற்றிக்கொண்டே
அந்தக் கையையும் கேட்டான்.